தனியள்

லிமோஜ் நகரம், மார்ச் மாதம், 1843.
விறகுத் தெப்பங்கள் ஆற்றோரம் வந்து முட்டும் சத்தம்.
ஸெலி மரோனியே கட்டுக்கயிற்றைப் பல்லால் அவிழ்க்கிறாள்.
இருநூறு பிரதிகள்.
பீங்கான் தட்டுகளின் விளிம்புக்குப் பொன்கோடு இழுத்து
ஆறு வருடம் சேர்த்த பணம்.

அட்டையில் பெயர்: ஸெ. மரோனியே.
அந்த ஒற்றை முதலெழுத்து ஊரையே ஏமாற்றியிருந்தது.
வாரப் பத்திரிகையில் ஒருவர் எழுதினார்:
"இந்த இளைஞர் இன்னும் சற்று ஆண்மையோடு பாடலாம்."
அவள் சிரித்த சிரிப்பில்
இரவெல்லாம் சூளைக்கு விறகு தள்ளிவிட்டு வந்த அன்செல்ம்
தூக்கம் கலைந்து என்ன என்ன என்றான்.

பத்தொன்பதாம் பக்கம்.
குழந்தையைப் புதைத்த மறுநாள் எழுதியது.
வாசலில் நிற்கிறேன் தனியள் என்று அவள் எழுத
அச்சகத்துப் பிழைதிருத்தி, நல்ல மனிதர்,
கவிஞரின் கை தவறியிருக்கும் என்று
தனியன் ஆக்கிவிட்டார்.

அவர்கள் மொழியில் அது
சொல்லின் வாலில் தொங்கும் ஓர் ஊமை எழுத்து.
சந்தையில், படுக்கையில்,
பாவமன்னிப்புக் கூண்டில்கூட
யாரும் அதை ஒலிப்பதில்லை.
செய்யுளில் மட்டும் அதற்கோர் அசை உண்டு.
நம் குற்றியலுகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்,
அரை மாத்திரை மூச்சு.
இப்போது பன்னிரண்டு அசை வரி
பதினொன்றில் நிற்கிறது.

விமர்சகருக்கு அது கேட்கவில்லை.
விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கும் அன்செல்ம்
அந்த இடத்தில் நின்றான்.
"இங்க ஒரு படி இல்ல ஸெலி.
கால் காத்துல போகுது."

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அணில் முடித் தூரிகையை எடுத்தாள், பொன்கோட்டுக்கானது.
மசியில் தோய்த்தாள்.
ஒவ்வொரு பிரதியாக, பத்தொன்பதாம் பக்கத்தில்,
கடுகளவு வளைவு ஒன்று.
அன்செல்ம் ஊதி ஊதிக் காயவைத்தான்.
அவன் கையின் கரி சில பக்கங்களில் பட்டது;
அதைத் துடைக்கவில்லை.

விடியும்போது நூற்று அறுபத்து மூன்று.

மீதி முப்பத்தேழும் போன வாரமே
அச்சகத்திலிருந்து பாரிசுக்கு வண்டியேறிவிட்டன.
அவற்றில் இன்னும்
முன்பின் தெரியாத ஓர் ஆண்
அவள் வீட்டு வாசலில் நிற்கிறான்,
அவள் பிள்ளைக்காக,
ஓர் அசை குறைவாக.