காலி எடை

வாரத்தில் ஆறு நாள் தடாவில்
எடைமேடைச் சன்னல் எனக்கு.
லாரி ஏறும். சிவப்பு எண்கள் துடித்து நிற்கும்.
சீட்டு கிழிப்பேன், அடுத்தது.
சிமெண்ட், சவுக்குக் கட்டை, ஒருமுறை
சர்க்கஸ்காரர்களின் கூடாரம்.

ஏழாம் நாள் தேடிப் போவது
ஐம்பது கிராம் தேறினால் அதிகம்.

விடியுமுன் பழவேற்காட்டு ஏரியின் ஆந்திரக் கரையில்
பெஞ்சலய்யா படகை இழுத்துப் பிடித்திருப்பார்.
ஆரம்பாக்கத்திலிருந்து ஹெப்சிபா,
ராத்திரி டூட்டி முடித்த நர்ஸ் உடுப்போடு.
சூளூர்ப்பேட்டை கோட்டேஸ்வரி, பத்தாம் வகுப்புக்குப்
பௌதிகம் எடுப்பவள். பைனாகுலர் அவளுடையது.
வனத்துறைக் கடிதம் பிளாஸ்டிக் உறையில்.
சம்பளமில்லை, டீசலைப் பங்கு போட்டுக்கொள்கிறோம்.
இதெல்லாம் எதுக்கு என்று கேட்பதை நிறுத்தி
என் கணவர் போன மாதம்
ஒரு தொப்பி வாங்கித் தந்தார்.

முகத்துவாரத்தை நோக்கிப் போனால் ஒரு மணல்மேடு.
நாங்கள் திட்டு என்போம், அவர்கள் திப்ப.
வரைபடத்தில் அதற்குப் பெயரில்லை,
சில வருடம் அதுவே இருப்பதில்லை.
படிவத்தில் மட்டும் 'மாநிலம்' என்றொரு கட்டம்.
போனில் பார்த்தால் எல்லைக்கோடு திட்டின் குறுக்கே ஓடுகிறது,
கோட்டின்மேல் ஓர் ஆலா குழி பறித்து உட்கார்ந்திருக்கிறது,
அலகு ஆந்திராவில், வால் தமிழ்நாட்டில்.
இரண்டையும் டிக் அடித்து அனுப்பினோம்.
திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பத்து நிமிடம்தான். அதற்குமேல் நின்றால்
தாய் இறங்காது, முட்டை வெயிலில் வெந்துவிடும்.
நாடி பிடிக்கிற கடிகாரத்தைப் பிடித்தபடி ஹெப்சிபா.
மணல் நிறத்து முட்டை மணலிலேயே கிடக்கும்,
பாதம் வைக்கும் முன் பாதத்தின் அளவு நிலத்தை
எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும்.
தலைக்குமேல் கிரீச்சிட்டுப் பாய்ந்து
என் புதுத் தொப்பியில் எச்சமிடும்.

ஒன்னு, என்பேன். ஒகட்டி, என்பாள் கோட்டேஸ்வரி.
ரெண்டு
எங்கள் இருவருக்கும் ரெண்டுதான்.
மூன்றில் சற்று விலகி ஆறில் மறுபடி சேர்ந்து
மே முதல் ஞாயிறு முப்பத்தேழு கூடு.
உச்சி வெயிலில் ஓர் ஆலா
ஏரியில் வயிற்றை நனைத்து வந்து முட்டைமேல் அமர்ந்ததைப்
படகிலிருந்து பார்த்தோம்.
காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஈரத்துணி, என்றாள் ஹெப்சிபா.
அதற்குக் கட்டமில்லை. ஓரத்தில் எழுதினேன்.

மூன்றாம் ஞாயிறு.
புதன் இரவு கடல் ஏறி வந்ததாம்.
திட்டு, நனைத்துப் போட்ட சாக்கு மாதிரி.
எங்கள் பழைய காலடிகூட இல்லை.
பத்து நிமிடம் நடந்தோம், அதற்குமேலும் நடந்தோம்,
கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை.
சிப்பி. தெர்மாக்கோல். ஒற்றை ஹவாய் செருப்பு.

"கட்டத்தை அப்படியே விட்டுடலாம்" ஹெப்சிபா சொன்னாள்.
நான் யோசித்தது எடைமேடையை.
லாரி வெறுமனே வந்தாலும் ஏற்றி நிறுத்துவேன்,
காலி எடை தெரியாமல் சரக்கு எடை ஏது?
எழுதாத கட்டமென்றால் யாரும் போகவில்லை என்றாகிவிடும்.
நாலு பேர் போனோம். மணலை முழுக்கப் படித்தோம்.

பேனாவை உதறி
ஒரு முட்டை போட்டேன்,
பள்ளிக்கூடத்தில் சொல்வோமே, அந்த முட்டை.
யாரும் சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து ஹெப்சிபா மட்டும் சிரித்தாள்,
கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.
"ராஷ்ட்ரம்?" என்று கேட்டாள் கோட்டேஸ்வரி.
மறுபடி இரண்டையும் டிக் அடித்தோம்.

திரும்பும் வழியில் படகுக்கு முன்னால்
ஆலாக்கள் மீனுக்காகத் தலைகுப்புற விழுந்து எழுந்தன.
பறப்பவற்றை இந்தப் படிவம் கேட்பதில்லை.
டீசல் காசை எண்ணாமல் மடித்து வைத்த பெஞ்சலய்யா
"வச்சே வாரம்?" என்றார்,
கயிற்றை அவிழ்ப்பதா கட்டுவதா என்று தெரியாத கையோடு.

திங்கள் காலை முதல் வண்டி, சவுக்கு,
பதினான்கு டன் அறுநூற்று இருபது.
சீட்டை வாங்காமல் டிரைவர் சன்னலுக்குள் எட்டிப் பார்த்தான்:
"மூக்கெல்லாம் ஏன்க்கா இப்படி உரிஞ்சு கெடக்கு?"