எண் புரட்டுகிறவள்

வியாழக்கிழமைகளில்
ஆலையின் எடைமேடையைப் பூட்டிவிட்டு
செம்பனை எண்ணெய் வாடை போகாத இதே சட்டையோடு
சீனக் கோயிலை ஒட்டிய கூடைப்பந்துத் திடலுக்குப் போகிறேன்.
ஒரு மேசை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி,
கம்பி வளையத்தில் தொங்கும் எண் அட்டைகள்.
இடப்பக்கம் எங்கள் பாகான் மெரா.
வலப்பக்கம் யார் வந்தாலும் அவர்கள்.

வலப்பக்கத்து எட்டுக்கு நான்தான் டேப் ஒட்டினேன்.
ஒன்பதுக்கு ஒரு மூலையே இல்லை.
இடப்பக்கத்தில், பத்தாம் இடத்து ஏழு
ஜனவரியில் வாங்கிய மினுக்கோடு
இன்னும் வெளிச்சம் பாராமல் இருக்கிறது.

முதலில் போனது ஜீவேந்திரனின் முழங்கால்.
பந்தோடு எழும்பினான்.
இறங்கியபோது கேட்ட சத்தத்தை
நான் யாரிடமும் சொன்னதில்லை.
பிறகு யாப் கிம் ஹோவின் சுண்டுவிரல்.
ஹஃபிஸுக்குக் குதிகால் நரம்பு,
அதுவும் ஆட்டத்தில் இல்லை,
பாசார் மாலாமில் மழைக்கு ஒதுங்க ஓடியபோது.
டொமினிக்குக்குக் குலை ஏற்றுகையில் முள் குத்தி
உள்ளங்கை பன்னு மாதிரி வீங்கி
பத்து நாள் ஆஸ்பத்திரி.
போய்ப் பார்த்தேன்.
"அக்கா, நேத்து நாம எத்தனை?"
"நாப்பத்தொண்ணு" என்றேன்.
அவர்கள் எத்தனை என்று அவன் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

ஜூன் மாதம், ஐந்து பேர் தேறாமல்,
கோச் கோ
வேன் ஓட்டி வந்த முத்தரசனுக்குச் சட்டை மாட்டிவிட்டார்.
முதுகில் இரும்புக்கடையின் பெயர்,
வயிற்றில் பிதுங்கும் பதினான்கு.
இரண்டாம் பாதியில் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தான்,
உள்ளே போய்விட்டது.
இரண்டு புள்ளி.
யாருடைய கல்யாண ஆல்பத்தையும்
நான் அப்படிப் புரட்டியதில்லை.

தங்கச்சி கேட்கிறாள்:
"தோக்குறதுக்குன்னே ஒரு டீமா?
போன வாரம் எத்தனை பேரு வந்தாங்க?"
நாலு பேர். ஒரு நாய், பாதியில் எழுந்து போனது.
"டிவியில நல்ல டீம் ஓடுது, அதைப் பாரேன்."
பார்க்கலாம்தான்.
நான் பார்க்காவிட்டால் அந்த டீமுக்குத் தெரியாது.

பகலெல்லாம் லாரி நிறுக்கிறேன்.
குலையோடு உள்ளே வரும்போது ஒரு எடை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு எடை.
புது டிரைவர்கள் அவசரப்படுவார்கள்:
"காலி லாரிதானேக்கா, விடுங்க."
"ஏத்து மேல" என்பேன்.
அதையும் எழுதாமல் சீட்டுத் தர முடியாது.

நேற்று ஆட்டத்தில் சரியான மழை.
தகரக் கூரை இரைச்சலில் விசில் கேட்காமல்
நடுவர் கையை ஆட்டி ஆட்டி ஓய்ந்துபோனார்.
எண்பத்தாறுக்கு நாங்கள் அறுபத்தெட்டு.
அறுபத்தெட்டு!
நேரம் பார்க்கும் லோ அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.
இன்னும் ஐம்பது வினாடி.
கிம் ஹோ, அந்தச் சுண்டுவிரலைப்
பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டியிருந்தான்,
மூலையில் நின்று எறிந்தான்.
வளையத்தில் இருமுறை உட்கார்ந்து எழுந்து
விழுந்தது.

ஆறைப் புரட்டினேன்.
ஏழின் தோளில், வளையத்தோரம்,
ஒட்டிக்கொண்டு இரண்டு பல்லி முட்டை.
கை அப்படியே நின்றுவிட்டது.
"செப்பாட் லா!" என்றார் லோ அம்மா.
எதிர் பெஞ்சில் சிரித்தார்கள்.
முட்டையைத் தொடாமல்
விரல் நுனியால் அட்டையை விரித்து
ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன்:
எழுபத்தொன்று.
ஹஃபிஸ் ஊன்றுகோலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தான்,
அவர்கள் தொண்ணூறு எடுத்த பிறகும்.

அடுத்த வியாழன் வெளியூர் ஆட்டம்.
எண் புரட்ட அங்கே ஆள் இருக்கிறது,
எனக்கு ஒரு வேலையும் இல்லை.
மேனேஜரிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன்,
நாலரைக்குக் கிளம்பணும் என்று.
முன் சீட்டு ஜீவேந்திரனுக்கு, கால் நீட்ட வேண்டும்.
நான் பின்னால்,
பந்து மூட்டையோடு.