தொடக்க அளவு

கிரேடவுன் பண்ணைக்காரர் ஒருவர்
காட்டுப்பன்றிக்கு வைத்திருந்த வில்.
ஐம்பது பவுண்டு.
மாரிட்ஸ்பர்க் கடையில் இழுநீளத்தை
என் கைக்குக் குறைத்துக் கொடுத்தார்கள்.
எடையை நீங்களே குறைக்கலாம் சிஸ்டர்,
ஒரு ஆலன் சாவி போதும் என்றார்கள்.

அதற்கு முன் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.
வில் கூரையைப் பார்த்தது,
முதுகு கதவைப் பார்த்தது,
நாண் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

வில்லை ஒடித்தவருக்கு மாலை விழும் கதை
எனக்கும் தெரியும்.
எனக்கு நாற்பத்தொன்பது.
வலது தோளில் இருபத்தாறு வருடத்து நோயாளிகள்,
கட்டிலிலிருந்து நாற்காலிக்கு,
நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு.
இந்த வில் ஒடிந்தால் என் கழுத்தில் விழுவது
பாக்கித் தவணை ஏழு.

இரவுப் பணி இல்லாத வியாழன். நொம்புசோ வந்தாள்.
நார்த்டேல் வீட்டுச் சமையல் மேசையில்
துண்டு விரித்து வில்லைக் கிடத்தினோம்.
எங்களுக்கு எதையும் இப்படித்தான் தொடங்கத் தெரியும்.

முதலில் பக்கத்துப் பூட்டுத் திருகுகளைத் தளர்த்து.
பிறகு மேல்தகட்டின் ஆணி, இடப்புறமாக ஒரு சுற்று.
உடனே கீழ்த்தகட்டுக்கும் அதே ஒரு சுற்று.
ஒரு பக்கத்துக்கு மட்டும் பரிவு காட்டினால்
வில் கோணும், அம்பு பொய் சொல்லும்.
சுற்றுக்கு இரண்டரை பவுண்டு போகும்.
ஐந்துக்கு மேல் கூடாது,
ஆணி கழன்றால் தகடு முகத்துக்கு வரும்.
பாதி அழிந்த ஸ்டிக்கரில்
இது மட்டும் சிவப்பில் மிச்சமிருந்தது.

மூன்றாவதில் மின்சாரம் போனது.
எட்டு மணிக்குப் போகும் என்று அறிவித்திருந்தார்கள்.
அறிவித்தபடியே போனதுதான் ஆச்சரியம்.
ஃபிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி அடங்கியது.
மேலே மூன்று முடிந்தது என்றேன்.
இரண்டு என்றாள்.
கீழே?
அதற்கு இருவரிடமும் பதில் இல்லை.

பணி மாறும் நேரம், வார்டில்,
பூட்டிய அலமாரி முன் இருவராக நின்று
மார்ஃபின் எண்ணுவோம்.
ஒன்று இடித்தால் ஞாபகத்தைக் கேட்பதில்லை.
எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி எண்ணுவோம்.
‘இருக்கும், இருக்கும்’ என்று கையெழுத்துப் போட்ட ஒருத்தியை
எங்களுக்குத் தெரியும்.
இப்போது அவள் திரைச்சீலை தைக்கிறாள்.

ஆகவே வலப்புறமாக, இரண்டையும்,
முட்டும்வரை இறுக்கினோம்.
மறுபடி அது பண்ணைக்காரரின் வில்.
ஃபோனை வாயில் கவ்விக்கொண்டு
அவள் வெளிச்சம் காட்ட
நான் உரக்க எண்ணினேன்.
மூன்றுவரை தமிழ் அவளுக்குத் தெரியும்,
ஆளைத் தூக்குமுன் நான் எண்ணுவது அவ்வளவுதான்.
நான்கையும் ஐந்தையும்
இன்றிரவு கற்றுக்கொண்டாள்.

பூட்டுத் திருகுகளை இறுக்கியபின்
அவள் மைத்துனனின் மீன் தராசில் நாணை மாட்டி
இருவருமாக இழுத்தோம்.
முப்பத்தேழா, முப்பத்தெட்டா, முள் நடுங்கியது.
நாற்காலியில் உட்கார் என்றாள்.
காலைத் தரையிலிருந்து தூக்கு.
கூரைக்குப் போகாமல் வந்தால் அது உன் எடை.

வந்தது.
உச்சியில் ஒரு நொடி முரண்டு பிடித்தது,
அப்புறம் சக்கரங்கள் புரண்டு
முக்கால் பாரம் எங்கோ போய்விட்டது.
இருட்டில், கன்னத்தில் நாணோடு,
இதுவரை யாரையும் தூக்காதவள் போல இருந்தேன்.
கடைக்காரர்கள் இதைச் சொல்லவில்லை.

அம்பில்லை, ஆகவே விடக் கூடாது.
வெறும் நாணை விட்டால்
வில் தன்னையே அடித்துக்கொள்ளும்.
பாரம் காத்திருக்கும் அந்த மேட்டின் வழியாகவே
திரும்பக் கொண்டுபோக வேண்டும்.
இழுத்ததைவிட இறக்குவது கஷ்டம்.
இறக்கினேன்.

பிறகு பிளாஸ்திரி கிழித்து மேல்தகட்டில் ஒட்டினேன்,
திறந்த மருந்துக் குப்பியில் ஒட்டுவதுபோல.
தேதி. முப்பத்தேழு. என் முதலெழுத்து.
பேனாவை நொம்புசோவிடம் நீட்டினேன்,
இரண்டாவது கையெழுத்து இல்லாமல்
எங்களிடம் எதுவும் செல்லாது.
ஃபோனைக் கிட்டே பிடித்துப் படித்தாள்.
முப்பத்தெட்டு என்று திருத்திவிட்டுப் போட்டாள்.