கன அடிக் கணக்கு

என் பேரில் மட்டும்தான் தையல்.
தையல்நாயகி. கையில் இருப்பது
டேக் துப்பாக்கி.
காஜா ஓட்டைக்குள் முனையை விட்டு ஒரு அழுத்து.
டிக்.
பிளாஸ்டிக் ஊசி மறுபக்கம் போய்
பச்சை அட்டையொன்றைக் கட்டிவிடும்.

முத்துப்பேட்டை ரோட்டில் பழைய நெல் கிடங்கு.
எட்டுப் பேர், மூன்று மின்விசிறி, அதில் ஒன்று சுற்றும்.
ராத்திரி பதினொன்றுக்கு வேன் வரும்,
வேனில் எந்தக் கம்பெனிப் பேரும் இருக்காது.
சட்டைக்கு முப்பது பைசா.

அட்டையில் ஓர் இலை, ஒரு துளி,
கீழே இங்கிலீஷில் இரண்டு வரி.
பிளஸ் டூவோடு நின்ற செண்பகம் வாசித்தாள்:
இந்தச் சட்டை ஆயிரத்து நானூறு லிட்டர்
தண்ணீரை மிச்சப்படுத்தியது.

யாருக்கு, என்றேன்.
அது போடலை, என்றாள்.

ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் சட்டை கட்டுவேன்.
செல்போனில் பெருக்கினேன்.
பன்னிரண்டு லட்சத்து அறுபதாயிரம்.
எண்ணைப் பார்த்ததுமே தாகமெடுத்தது.
கிடங்கு போரில் கடலை நக்கின மாதிரி உப்பு.
கேன் தண்ணீர்தான், இருபது லிட்டர்,
ஆளுக்கு ஐந்து ரூபாய் போட்டு.

பாமணியாற்று மதகில்
லஸ்கர் சவரிராயன் ஷட்டரைத் திருகிக்கொண்டிருந்தார்.
"லிட்டரெல்லாம் எனக்குத் தெரியாது தாயி, கன அடிதான்."
காதில் செருகிய பென்சிலை எடுத்து
பீடிக்கட்டுக் காகிதத்தில் வகுத்தார், அடித்தார், மறுபடி வகுத்தார்.
"ஒரு கன அடி. பன்னிரண்டு மணி நேரம்.
காலையில தொறந்தா அந்தி வரைக்கும் ஓடும்.
எந்த வாய்க்கால்ல விடுறாங்களாம்?"

அட்டை மூலையில் இருந்த கட்டத்தைச்
செண்பகம் ஸ்கேன் பண்ணினாள்.
திறந்தது ஒரு தோட்டம்.
மஞ்சள் தொப்பி போட்ட பெண்ணொருத்தி சிரித்தாள்:
உங்கள் சட்டையை உருவாக்கியவர் இவர்தான்.
பின்னால் கண்ணாடிக் கட்டடம், குடிநீர்க் குழாய்,
தீயணைக்கும் சிவப்பு உருளை.
விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
அந்த வரைபடத்தில் எங்கள் ஊர் பக்கம்
ஒரு புள்ளிகூட இல்லை.

கான்ட்ராக்டர் புகழேந்தி ஒருதரம் சொன்னார்:
"வெளியே வேலை குடுக்குறீங்களான்னு
வருஷத்துக்கு ஒரு ஃபாரம் வரும்.
இல்லைங்கிற கட்டத்துல எனக்கு மேல இருக்கிறவன் டிக் போடுவான்.
அவனுக்கும் மேல இருக்கிறவன் அதை நம்புவான்.
நம்புறதுக்குத்தான் அவனுக்குச் சம்பளம்."
அந்த டிக்
எனக்குப் பழகின சத்தம்.

சவரிராயனிடம் ஒரு நோட்டு உண்டு.
வந்தது இவ்வளவு, விட்டது இவ்வளவு, எத்தனை மணிக்கு.
அடியில் கையெழுத்து.
"தொறந்தாச்சு தொறந்தாச்சுன்னு தலைமடையில மைக் போட்டுச் சொல்லுவாங்க.
வந்துச்சான்னு கேக்குறது கடைமடைதானே.
நான் கால் அடி பொய் எழுதினா
விடியக்காலை முப்பது பேர் மண்வெட்டியோட
இந்த மதகுல நிப்பான்.
உன் அட்டைக்கு யாரு வந்து நிப்பா?"

நான் மதகுக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எங்கோ வெட்டியெறிந்த துணிக் கத்தரிப்புகள்
நீலமும் பழுப்புமாகச் சிக்கியிருந்தன.
ஆடிக் கடைசி. தண்ணீருக்கு முன்னால்
அவைதான் வந்து சேர்ந்திருந்தன.

அன்றைக்கு வேனில் புது அட்டைகள்.
அதே சட்டை, அதே நீலம், அதே நாலு துளைப் பொத்தான்.
செண்பகம் வாசித்தாள்:
ஆயிரத்துத் தொள்ளாயிரம் லிட்டர்.

ஒரே ராத்திரியில் ஐந்நூறு.
மறுநாள் சொன்னதும் சவரிராயன் சிரித்தார்,
இருமல் வரும்வரை.
"மேட்டூர்கூட இப்படி ஏறாது தாயி."

கிடங்குக்கு வந்து துப்பாக்கியை எடுத்தேன்.
இரண்டாவது சட்டையிலேயே
யாரோ தண்ணீர் கேட்டார்கள்.
கேனின் அடியில் கொஞ்சம் கிடந்தது.
செண்பகம் சாய்த்துப் பிடித்தாள்,
நான் டம்ளரை வைத்தேன்.