கிள்ளுப்பிடி

வேப்பனப்பள்ளி பஸ்ஸில் வந்தவர்களுக்கு
டோக்கன் பதினேழு.
கிருஷ்ணகிரியில் மாங்கூழ்ப் பருவம்,
ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் சட்டையிலும் பழ வாடை.

பவ்யஸ்ரீ. நாலு வயது, இரண்டு மாதம்.
எனக்கு முன் பார்த்தவர் எழுதிய தாளில்:
‘கிள்ளுப்பிடி சரியில்லை.
ஆட்காட்டி விரலை உபயோகிப்பதில்லை.’
அடியில் சிவப்புக் கோடு.

கட்டைகளைக் கொட்டினேன்.
“ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கு பாப்பா.”
மின்விசிறியைப் பார்த்தாள்.
பத்து விநாடி. இருபது.
என் பென்சில் பூஜ்யம் போட்டுவிட்டது.
அப்பா இருமிக்கொண்டு சொன்னார்,
“பைன பெட்டம்மா.”
ஒன்று, இரண்டு, ஐந்து.
ஆறாவதைக் கையில் வைத்துக்கொண்டே
ஐந்தையும் தட்டிவிட்டுச் சிரித்தாள்.
பூஜ்யத்தை அழித்தேன்.
ரப்பர் தூளை அவள் ஊதினாள்.
(உதடு குவிகிறது. அதையும் குறித்தேன்.)

ஒற்றைக்காலில் நிறுத்தினால்
இடப்பக்கம் சரிகிறாள்.
படியேறும்போது ஒவ்வொரு படியிலும்
இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் அடுத்தது.
அதற்குத் தெலுங்கின் மேல் பழிபோட முடியாது.

பிறகு துளைப்பலகை.
ஒன்பது குச்சி, ஒன்பது துளை.
கட்டைவிரலாலும் நடுவிரலாலும் எடுத்தாள்.
ஆட்காட்டி விரல் கொஞ்சம் மடங்கித்
தள்ளியே நின்றது,
பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு
வந்துவிட்டவர் மாதிரி.
பிடித்துக் கொண்டுபோய்க் குச்சிமேல் வைத்தேன்.
இருந்தது. விட்டதும்
பழைய இடத்துக்கே போய்விட்டது.
விறைப்பில்லை, வலியில்லை,
மூட்டு ஒழுங்காக மடங்குகிறது.

“வீட்ல எப்படிச் சாப்பிடுவா?”
“என் தட்டுலதான் மேடம். நான்தான் ஊட்டுவேன்.
அவங்கம்மா காலையில கம்பெனி வேன்ல போயிருவா.”

முனிராஜ். பர்கூர் ரோட்டில் கிரானைட் பட்டறை.
பதினொன்றரை பஸ்ஸை நினைத்துச்
சில்லறையை மேசைமேல் கொட்டி எண்ணினார்.
ஐந்து ரூபாய் ஒன்றைக்
கட்டைவிரலாலும் நடுவிரலாலும் எடுத்தார்.
அவருடைய ஆட்காட்டி விரல்
இரண்டாம் கணுவோடு முடிந்திருந்தது.

“எப்போ?”
“இவ பொறக்கறதுக்கு முன்னாடி. பிளேடு.”
ரேஷன் கார்டில் பேர் நீக்கியதைச்
சொல்வதுபோல் சொன்னார்.

பலகையை விட்டு அவள்
காசுக்கு வந்திருந்தாள்.
அதே பிடி. மடக்கலும் அதே.
எந்த விரல் அங்கே இல்லையோ
அந்த விரலைக்கூட விடாமல்
பார்த்துப் படித்திருக்கிறாள்.

நான் பார்ப்பதைப் பார்த்து
அவர் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.
மீதிக் காசை அவள்தான் பொறுக்கினாள்,
ஒவ்வொன்றாக. ஒன்றும் விழவில்லை.

‘காரணம்’ என்ற கட்டத்தில்
‘அப்பா’ என்று எழுதினேன்.
படித்துப் பார்த்தால் போலீஸ் புகார் மாதிரி இருந்தது.
அடித்துவிட்டு எழுதினேன்:
‘வீட்டில் பார்த்துக் கற்ற பிடி.’
அதன் கீழ், இடது காலுக்குப் படிப்பயிற்சி,
இரண்டு வாரம் கழித்து வரவும்.

“அடுத்த தடவை அவங்கம்மாவை
லீவு போடச் சொல்லட்டுமா மேடம்?”
கை இன்னும் பாக்கெட்டுக்குள்தான்.

“வேணாம்,” என்றேன்,
“நீங்களே வாங்க.”