ஆறு ஆம்பியர்

குளிர்கால வாடகைக்கு இந்தத் துறை
கரையிலிருந்து நமக்கு விடுவது ஆறு ஆம்பியர்.
பெருக்கினால் ஆயிரத்து முந்நூற்றெண்பது வாட்.
அலமாரிக் கதவின் உட்புறம்
உன் பென்சில் கணக்கு இன்னும் ஒட்டியிருக்கிறது, ஹில்கெ:
ஹீட்டர் எண்ணூறு
பேட்டரி சார்ஜர் முந்நூறு
ஃபிரிட்ஜ் எழுபது
கெட்டில் ஆயிரம்.
கெட்டிலுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

ஹீட்டரும் கெட்டிலும்
ஓர் உறையில் இரண்டு கத்தி.
நான்கு குளிர்காலமாக
இந்தப் படகில் நாம் அதிகம் பேசிய வசனம்
"கெட்டில் போடட்டுமா?"
"இரு, ஹீட்டரை அணைக்கிறேன்."

இப்போது மூன்று நாளாக அதுவும் இல்லை.
படகை விற்கப்போவதாக
என் தங்கை வீட்டு அடுக்களையில்
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னாயாம்.
எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும்.

காய் விட்டாயிற்று,
ஐம்பது வயதில்,
பத்தொன்பது மீட்டர் இரும்புக்குள்.
நீ குளிர்ந்த பால் குடித்தாய்.
நான் படகுத் துறைச் சீட்டு அலுவலகத்தில்
தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

நேற்றிரவு பதினொன்றுக்குக்
கேட்காமல் கெட்டிலைப் போட்டேன்.
ஹீட்டர் உன் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.
கேட்காமல் இருந்தாய் நீயும்.

உடனே விழவில்லை.
நாம் நினைப்பதைவிடப் பொறுமைசாலி
அந்தச் சுவிட்ச்.
ஏறக்குறைய ஒரு நிமிடம்
ஒன்பதரை ஆம்பியரைத் தாங்கிக்கொண்டு நின்றது.
தண்ணீர் முனகத் தொடங்கியபோதுதான் விட்டது.

விளக்கு அணையவில்லை. அது பேட்டரியில் எரிவது.
போனது சத்தம்:
ஹீட்டரின் விசிறி, ஃபிரிட்ஜின் உறுமல்.
நம் மௌனத்தில் எவ்வளவு இரைச்சல் இருந்ததென்று
அப்போதுதான் கேட்டது.

துறைப் பெட்டியின் முக்கோணச் சாவி உன் கால்சட்டையில்.
தலை டார்ச் என்னிடம்.
வேறு வழி?
பலகைமேல் உறைபனி. நீ முன்னால்,
உன் குதிகாலில் என் வெளிச்சம்.
மஞ்சள் கேபிள் நம்மோடு கூடவே வந்தது,
நீரைத் தொடாமல், நீ கட்டிவைத்த வளைவுகளில்.

பெட்டிக்குள் எட்டுச் சுவிட்ச்.
"நாலு," என்றேன்.
"தெரியும்."
தூக்கினாய். நின்றது.
திரும்பிப் பாதி தூரம் வருமுன்
பின்னால் டக்கென்று விழுந்தது.
பக்கத்துப் படகில் டூவெயின் நாய் குரைத்தது.

விரல் நுனியை ஊதிக்கொண்டு நின்றாய்.
யாராவது ஒருவர் உள்ளே போய்
எதையாவது அணைக்கவேண்டும்.
"எதை?" என்று கேட்டாய்,
என் முகத்தைப் பார்க்க முடியாமல்,
டார்ச் கண்ணில் அடிக்க.
"ஹீட்டரையா, கெட்டிலையா?"

பதில் சொல்லவில்லை. போனேன்.
ஹீட்டரின் குமிழைத் திருப்பினேன்.
மேல்கதவு வழியே தலையை நீட்டி
துறை முழுக்கக் கேட்கும்படி
"இப்போ போடு!"

இரண்டு கோப்பை ஊற்றினேன்.
கோட்டுகளைக் கழற்றாமல் குடித்தோம்.
கணக்குப்படி அப்போது
பத்து வாட் மிச்சமிருந்தது நமக்கு.

விற்கிற பேச்சு அப்படியே நிற்கிறது.
நான் பழம் விடவில்லை, தெரிந்துகொள்.
கெட்டிலை அணைத்துவிட்டேன்,
அதை மட்டும் சொல்கிறேன்.
ஹீட்டரைப் போடு.