ஆற்றுக்குச் சீட்டு இல்லை

நாட்டை மடிப்பது எளிது.
முதல் மடிப்பில் மாகாணங்கள்,
அடுத்ததில் நகரங்கள், நகராட்சிகள்,
கடைசி மடிப்பில், நகக்கண் அளவில்,
பராங்காய்.
பதினெட்டு ஆண்டுகளாக மடிக்கிறேன்.
வரைபட அறையில் என் மேசைக்கு ஒரு கால் குட்டை.
பழைய வாக்காளர் பட்டியல் ஒன்றை
நான்காக மடித்து முட்டுக்கொடுத்திருக்கிறேன்.

நவம்பர்ப் புயலில்
அலிமோக் ஆறு ஒரே இரவில் புரண்டு படுத்தது.
விடிந்தபோது சான் தெலேஸ்போரோவின்
முப்பத்தொரு வீடுகள் அக்கரையில் இருந்தன.
ஒரு வீடும் நகரவில்லை.
ஒரு கோழிக்கூடு மட்டும் கொஞ்சம்.

எங்கள் ஊரைப் பிரித்த ஆணை
'ஆற்றின் நடுவே எல்லை' என்கிறது.
எந்த ஆண்டு ஆறு என்று
எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

அக்கரையில் இருப்பது நகராட்சி அல்ல, நகரம்.
மாகாணத்தோடு முறைத்துக்கொண்டு
தனிக்குடித்தனம் போன நகரம்.
அங்கே குடியிருந்தால்
ஆளுநர் தேர்தலில் வாக்கில்லை.
முப்பத்தொரு வீடும் எங்களுடையவை என்றார் எங்கள் மேயர்.
எங்களுடையவை என்றார் அவர்கள் மேயர்.
குப்பை வண்டியை இருவருமே அனுப்பவில்லை.

லுட்கார்டா வந்தாள்,
முழங்கால் வரை சேறு.
கூரைத் தகரம் வாங்கப் பன்றியை விற்க வேண்டுமாம்.
பன்றிக் காய்ச்சல் காலம்,
எல்லை தாண்டும் ஒவ்வொரு பன்றிக்கும் சீட்டு வேண்டும்.
"எங்கிருந்து புறப்படுகிறது?"
"தொழுவத்திலிருந்து."
"எந்த நகராட்சித் தொழுவம்?"
என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"பன்றி புயலன்றும் அங்கேதான் படுத்திருந்தது.
சீட்டில்லாமல் எல்லை தாண்டியது ஆறு.
போய் அதைப் பிடியுங்கள்."
கால்நடை ஆய்வாளர் எர்மோஹெனெஸ் சிரித்தார்.
பிறகு ஆற்றுக்குப் படிவம் இருக்கிறதா என்று
உண்மையிலேயே இழுப்பறையைத் திறந்தார்.

நேரில் பார்க்கப் போனேன்.
பதினான்காம் எண் எல்லைக்கல்
நட்டாற்றில், கழுத்தளவு நீரில் நின்றது.
அதன் தலையில்
யாரோ ஒரு சட்டையைக் காயப்போட்டிருந்தார்கள்.
படகில் எதிரே உட்கார்ந்திருந்த லுட்கார்டாவிடம்,
பராங்காய் என்றால் முன்பு படகு என்று பொருள்,
ஒரு படகில் வந்த சனம்தான் ஓர் ஊர் என்று,
பள்ளியில் படித்ததைச் சொல்லிவைத்தேன்.
அவள் பன்றியின் கயிற்றைக்
கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.
"படகு என்று பெயர் வைத்துவிட்டு
நகர்ந்ததற்கு விளக்கம் கேட்கிறீர்கள்."

சீட்டு கொடுத்தேன்.
புறப்படும் ஊர்: சான் தெலேஸ்போரோ.
நகராட்சி என்ற கட்டத்தின் மேல்
எதுவும் படிக்க முடியாதபடி
முத்திரையை அழுத்திக் குத்தினேன்.
சோதனைச்சாவடிக் காவலர்
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
பன்றிக்குக் காய்ச்சல் இல்லையே என்று மட்டும் கேட்டாராம்.
தகரம் ஒன்பதுதான் கிடைத்தது.
பன்னிரண்டு தேவை.

திங்கட்கிழமை இரு தரப்பு அளவையர்களும் வந்தார்கள்.
முப்பத்தொரு வீட்டிலும்
யார் யார் என்று கேட்டார்கள்.
குனிந்து மேசைக்காலடியில் இருந்த பட்டியலை உருவினேன்.
மேசை சாய்ந்தது, காபி கவிழ்ந்தது.
நகராட்சியை நனைத்து,
ஆற்றை ஆற்றின் வழியே நிரப்பி,
மாகாணக் கோட்டில் ஒரு கணம் தயங்கி
அப்புறம் போய்க்கொண்டே இருந்தது.
துணி எடுக்க
யாரும் எழவில்லை.